பதினாறில் மட்டும் கை குலுக்கும்

சனிக்கிழமை, பகல் 1:10.

மிஸ்ஸஸ் ஒடெஸ்ஸா டில்மன் உள்ளங்கை அளவுத் தோல் உறையைப் புத்தகம் போலத் திறந்தார். இடப்பக்கம் சிவப்பு வெல்வெட் இருந்தது. வலப்பக்கம் இருக்கவேண்டிய முகம் இல்லை.

அவர் கத்தவில்லை. உறையை மூடி, ஒரு நிமிடம் அவகாசம் கொடுத்து, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வெள்ளை சாஸேஜ் தின்றுகொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

"கெசையாவை யாரு எடுத்தது?"

கெசையா அவருடைய பாட்டியின் பாட்டி. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில், மேலே கண்ணாடி போட்டு ஒட்டிய ஒரு படம். அந்தக் காலத்துத் தகட்டுப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது, பிரதி கிடையாது. டில்மன் குடும்பத்தில் நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பழைய முகம் என்று இருந்தது இந்த ஒன்றுதான். ராச்செஸ்டர் பழைய கேமரா சங்கத்தின் கண்காட்சிக்கு இரண்டு வாரம் இரவல் கேட்டிருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. நூற்று நாற்பதில் அறுபது பேர் வருவதாக இருந்தது.

1994 அக்டோபர். அப்போது இந்த ஊரில் பாதிப் பேர் ஃபிலிம் செய்தார்கள். மீதிப் பாதி அவர்களுக்குப் பல் பிடுங்கினார்கள், வீடு விற்றார்கள். கேமரா பற்றித் தெரியாதவர் என்று ஒருவரைத் தேடினால் காவல் நிலையத்துக்குத்தான் போகவேண்டும்.

1:45.

டிடெக்டிவ் மரிசோல் குவின்யோனெஸ் ஒரு கான்ஸ்டபிளுடன் மாடியேறி வந்தார். திருட்டுப் பிரிவில் பதினோரு வருடம். தன் கல்யாண ஆல்பத்தில் மாமனாருக்குத் தலை இல்லை என்பதைத் தவிரப் புகைப்படக் கலை பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

சங்கம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. ஒரு கூடம், ஒரு இருட்டறை, ஒரு காப்பி மெஷின். சுவரில் அன்றைய போட்டியின் விதிகள் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தன:

ஆளுக்கு ஒரு கேமரா. ஒரு தாள். ஒரு மணி நேரம். லைட் மீட்டர் கிடையாது. சாக்கு கிடையாது.

"தாள்னா?" என்று கேட்டார் குவின்யோனெஸ்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

1:55. ஜெரல்டின் ஸ்டம்ஃப், சங்கத்தின் செயலாளர், ஐம்பத்தெட்டு வயது.

"பத்தேகாலுக்கு மிஸ்ஸஸ் டில்மன் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. எல்லாரும் பாத்தோம். வால்ட் அதை உறையோட கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டினாரு."

"சாவி?"

"இருட்டறை கதவுக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆணிக்கு மேல 'சாவி'ன்னு எழுதி ஒட்டியிருக்கு."

குவின்யோனெஸ் அதைக் குறித்துக்கொண்டார்.

"பத்தரைக்கு நானும் பிரெஸ்காட்டும் ஆளுக்கொரு பழைய கேமராவை எடுத்துக்கிட்டுப் போட்டிக்குக் கிளம்பினோம். பதினொன்றரைக்குத் திரும்பணும். ஃபிலிமுக்குப் பதிலா உள்ள போட்டோத் தாளை வெட்டிப் போட்டுக்குவோம். வால்ட் போட்டியில இல்ல. எங்களுக்காக இருட்டறையில மருந்து கலக்கிக்கிட்டிருந்தாரு. அப்புறம் நாங்க ஒவ்வொருத்தரா உள்ள போய்க் கழுவிட்டு, படத்தை அதோ கொடியில மாட்டினோம்."

கொடியில் இரண்டு ஈரத் தாள்கள் தொங்கின. இரண்டும் நெகட்டிவ்: வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தது. ஒன்றில் இரண்டு தலையுள்ள நாய்.

"இது?"

"என் நாய். நாலு செகண்டு சும்மா இருன்னு சொன்னேன். ரெண்டு செகண்டு இருந்தான்." பக்கத்து வீட்டுக்காரர் முழு நேரமும் கூட நின்று சிரித்ததாகச் சொன்னார். கான்ஸ்டபிள் தொலைபேசியில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்காட்சி முடிஞ்சதும் தகடு யாருகிட்டப் போகும்?"

"அதுக்கு முன்னாடியே, திங்கக்கிழமை மியூசியத்துலேர்ந்து ஒரு அம்மா வராங்க. தகட்டைக் கழட்டி ஓரத்துல இருக்கற முத்திரையைப் பாப்பாங்களாம். எந்த வருஷத்துத் தகடுன்னு அதுல தெரியுமாம். பிரெஸ்காட் எங்க பத்திரிகையில ஏற்கெனவே எழுதிட்டாரு. 1841, இந்த ஊர்ல எடுத்த முதல் முகம்னு. நாலு பக்கம். அவர் படத்தோட."

2:10. பிரெஸ்காட் லைல், துணைத் தலைவர். கழுத்தில் ஸ்கார்ஃப். கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பவர்.

"பத்தரையிலேர்ந்து எங்க இருந்தீங்க?"

"அருவிக்கிட்ட. படம் பாருங்க, டிடெக்டிவ். படம் பொய் சொல்லாது."

கொடியில் இரண்டாவது தாள். ஊரின் நடுவே விழும் ஜெனஸி அருவி, நெகட்டிவில் அவிழ்த்துவிட்ட கருங்கூந்தல் மாதிரி இறங்கியது. கொஞ்சம் மங்கல். பாறை, பாலம், மரம் எல்லாமே ஒரே அளவு மங்கல். எண்பத்தாறு வயதுக் கேமராவுக்கு அது மன்னிக்கத் தக்கது என்று சங்கத்தில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அடியில் அவர் கையால் எழுதிய அட்டை: துளை 128. நேரம் 80 விநாடி.

"இது என்ன கணக்கு?"

பிரெஸ்காட் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். எழுந்து நின்றார்.

"வெளிச்சத்தை பீர்னு வெச்சுக்கங்க. லென்ஸ்ல இருக்கற துளைதான் குழாய். ஷட்டர் திறந்திருக்கற நேரம், குழாயைத் திறந்து வெச்சிருக்கற நேரம். தாள்தான் கிளாஸ். சரியா நிறையணும். குறைஞ்சா படம் விழாது. வழிஞ்சா நெகட்டிவ் முழுக்கக் கரி. குழாய் சின்னதா, ரொம்ப நேரம் திறந்து வை. குழாய் பெருசா, சட்டுனு மூடு. அவ்வளவுதான் போட்டோகிராஃபி. மிச்சமெல்லாம் பந்தா."

அந்த மிச்சம் அவரிடம் நிறையவே இருந்தது என்பதை குவின்யோனெஸ் குறித்துக்கொள்ளவில்லை.

"நம்பர்?"

"துளையோட நம்பர். நம்பர் பெருசானா துளை சிறுசு. இதோ பாருங்க." காப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டுப் பெட்டியை எடுத்தார். முன்பக்கம் ஊசியால் குத்திய ஒரு ஓட்டை. பக்கத்தில் பேனாவால் 128 என்று எழுதியிருந்தது. "நானே செஞ்சது. லென்ஸே கிடையாது, வெறும் ஊசித்துளை. நூத்தியிருபத்தெட்டுன்னா இவ்வளவுதான் ஓட்டை. பழைய கேமராவுலயும் கடைசி நம்பர் அதேதான். மேகமா இருந்துச்சு, தாள் வேற மந்தம். எண்பது செகண்டு கொடுத்தேன்."

"வாட்ச் பாத்தா?"

"மனசுலயே. செகண்டுக்கு ஒண்ணா, ஒரு மிஸ்ஸிஸிப்பி, ரெண்டு மிஸ்ஸிஸிப்பி. நம்மளுக்கு அது கைவந்த கலை."

"எண்பது மிஸ்ஸிஸிப்பி?"

"எண்பது."

"அங்க உங்களை யாராவது பாத்தாங்களா?"

"அக்டோபர்ல அருவிக்கு யாரு வருவா? உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா, டிடெக்டிவ்? அந்த ஒரு மணி நேரமும் இந்த மாடியில இருந்தது ஒரே ஆளு. நான் பேரு சொல்லல." பிறகு, ஒருவேளை புரியாமல் போய்விடப் போகிறது என்று, "வால்ட்" என்றார்.

2:30. வால்ட் குபியாக், எழுபத்திரண்டு வயது. ஷட்டர் செய்யும் பிரிவில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவர்.

அவர் வாயைத் திறந்ததும் கூடத்தில் இருந்த மற்ற இருவரும் காப்பிக் கோப்பையுடன் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். இந்தச் சங்கத்தில் வால்ட் ஒரு வாக்கியத்தை முடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

"இருட்டறையில இருந்தேன். சிவப்பு விளக்கு போட்டிருந்தா கதவைத் திறக்க முடியாது. வெளியில யாரு வந்தா, யாரு போனா, தெரியாது. ஒரு தடவை தரை கிறீச்சுன்னுச்சு. நம்ம ஆளுங்க யாராவதுன்னு நினைச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தே முக்கால் இருக்கும்." அவர் மிஸ்ஸஸ் டில்மனை ஓரக்கண்ணால் பார்த்தார். "அந்த அம்மா என்னையத்தான் நினைப்பாங்க இல்ல?"

சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த மிஸ்ஸஸ் டில்மன் அவருக்கே பதில் சொன்னார்: "நான் யாரையும் நினைக்கல, மிஸ்டர் குபியாக். எனக்கு அவ வேணும், அவ்வளவுதான். தகட்டுக்கு என்ன ஆகும், சொல்லுங்க. திருடினவன் அதைத் திறந்தா?"

வால்ட் தயங்கினார். "கண்ணாடிக்குள்ள இருக்கற வரைக்கும் இன்னும் நூறு வருஷம் இருப்பாங்க. கண்ணாடியைக் கழட்டிட்டுக் கட்டை விரலால ஒரு துடைப்பு துடைச்சா, முகம் விரலோட வந்துடும். தகடு வெறும் முகம் பாக்கற கண்ணாடியா நிக்கும்."

மிஸ்ஸஸ் டில்மன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இடது கன்னத்துல ஒரு மச்சம்," என்றார் குவின்யோனெஸிடம். "அடையாளத்துக்குச் சொல்றேன். எனக்கும் இடது கன்னம், பாருங்க. என் தங்கச்சி லொரெட்டாவுக்கு வலது. கெசையா மச்சம் யாருக்கு வந்திருக்குன்னு அறுபது வருஷமா எங்களுக்குள்ள வழக்கு. லொரெட்டாகிட்ட இருக்கற ஒரே பதில் என்ன தெரியுமா? 'படம் தப்பு.'"

மிஸ்ஸஸ் டில்மன் தண்ணீர் குடிக்கப் போனார். குவின்யோனெஸ் வால்ட் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

ஜன்னல் பக்கத்திலிருந்து ஜெரல்டினின் "ஐயோ பாவம்" கேட்டது.

வால்ட் சொன்னார். 1839இல் பாரிஸில் தகட்டுப் படம் வந்ததிலிருந்து தொடங்கினார். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டும் என்பதால், தலைக்குப் பின்னால் இரும்புக் கொண்டி வைத்துப் பிடித்தார்கள் என்றார். பழைய படங்களில் யாரும் சிரிக்காததற்கு அது போதுமான காரணம். தகட்டில் நேராகவே படம் விழுவதால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடமும் வலமும் மாறித்தான் தெரியும் என்றார். கெசையாவின் தகட்டைச் சுற்றியிருக்கும் பித்தளைச் சட்டம் 1850க்குப் பிறகு வந்த மாதிரி என்றும், அதைப் பத்திரிகை வருவதற்கு முன்பே சொல்லப் பார்த்ததாகவும் சொன்னார். பிறகு தாள், ஃபிலிம், மடிப்புக் கேமரா. பதினேழாவது நிமிடம் நம்பர்களுக்கு வந்தார்.

"இதோ, இந்த ஊர்லயே 1908ல செஞ்ச கேமராவெல்லாம் இருக்கே, அதுல துளைக்குப் பழைய நம்பர். நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு, நூத்தியிருபத்தெட்டு. ஒவ்வொரு படி இறங்கறப்பவும் நேரம் ரெட்டிப்பாகும். இன்னைக்கு இருக்கற நம்பர் வேற. எட்டு, பதினொண்ணு, பதினாறு, இருபத்திரண்டு, முப்பத்திரண்டு, நாற்பத்தஞ்சு. அதுலயும் படிக்குப் படி நேரம் ரெட்டிப்புதான். ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, பதினாறுல மட்டும் ரெண்டும் கை குலுக்கும். மத்த எடத்துலயெல்லாம்..."

"வால்ட்டு, போதும்யா!" என்றார் பிரெஸ்காட் ஜன்னலிலிருந்து. "அவங்க திருடனைப் பிடிக்க வந்திருக்காங்க, டிப்ளமோ வாங்க இல்ல."

"நீங்க சொல்லுங்க," என்றார் குவின்யோனெஸ். இரண்டு வரிசையையும் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தார்.

வால்ட் ஏழு வருடத்தில் முதல் முறையாக ஒரு பேச்சை முடித்தார். முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

3:05.

கான்ஸ்டபிள் தேடினார். பைகள், கோட்டுகள், இரண்டு கார்கள், இருட்டறைத் தொட்டிகள், கீழே சலவைக் கடையின் பதினொரு மெஷின்கள். ஒரு மெஷினில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காலுறை கிடைத்தது.

மேசையில் போட்டிக்குப் போய்வந்த இரண்டு கேமராக்கள் இருந்தன. ஜெரல்டினுடையதன் பின்கதவைத் திறந்தார். காலி. பிரெஸ்காட் கொண்டுபோன மடிப்புக் கேமராவை எடுத்தார். அதன் கழுத்தில் நூல் கட்டிய சிவப்பு அட்டை ஒன்று: தாள் ஏற்றியது. திறக்காதே.

அவர் விரல் கொக்கியைத் தொட்டதும் மூன்று தொண்டைகள் ஒன்றாகக் கிழிந்தன.

"திறக்காதீங்க!"

கான்ஸ்டபிள் கேமராவைக் கைக்குழந்தை மாதிரி மேசையில் கிடத்தினார். குண்டு இருப்பதாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு மெதுவாக வைத்திருக்க மாட்டார்.

"வெளிச்சம் பட்டா உள்ள இருக்கற தாள் செத்துடும்," என்று ஜெரல்டின் விளக்கினார். "இந்த ஊர்ல சொந்தப் பிள்ளைக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக் கொடுப்போம். 'அம்மா'ன்னு சொல்ல வர்றதுக்கு முன்னாடி."

குவின்யோனெஸ் சுவரிலிருந்த விதிகளை இன்னொரு முறை படித்தார்.

3:40.

"எல்லாரும் உக்காருங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "மிஸ்டர் லைல், அருவிப் படத்தை எந்தக் கேமராவுல எடுத்தீங்க?"

"இதோ, இதுல." சிவப்பு அட்டை கட்டியதைக் காட்டினார்.

"துளை நூத்தியிருபத்தெட்டு. எண்பது செகண்டு."

"எத்தனை தடவை சொல்றது?"

"இதுதான் கடைசி. மிஸ்டர் குபியாக், இந்தக் கேமராவுல நூத்தியிருபத்தெட்டுல வெச்சு, இன்னைக்கு இருந்த மேகத்துல, எண்பது செகண்டு திறந்து வெச்சா என்ன கிடைக்கும்?"

வால்ட் அட்டையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் அந்த அட்டையைப் படித்திருக்கவே இல்லை. பிரெஸ்காட்டின் கையெழுத்தைப் படிப்பதை அவர் விட்டு ரொம்ப நாள் ஆகிறது.

"கரி," என்றார்.

"ஏன்?"

"அது பழைய நம்பர். அதுல நூத்தியிருபத்தெட்டுன்னா இன்னைக்குக் கணக்குல நாற்பத்தஞ்சு. அங்கேர்ந்து அறுபத்துநாலு, தொண்ணூறு, நூத்தியிருபத்தெட்டு. மூணு படி. மூணு ரெட்டிப்பு. எட்டு மடங்கு வெளிச்சம் உள்ள வந்திருக்கும். பத்து செகண்டே போதும். எண்பதுன்னா..." அவர் பிரெஸ்காட்டைப் பார்த்தார். "உங்க பீர் ரோடு வரைக்கும் வழிஞ்சிருக்கும்."

காப்பி மெஷின் மட்டும் ஒரு தடவை ஏப்பம் விட்டது.

"நான் எண்ணினது தப்பா இருக்கலாம்," என்றார் பிரெஸ்காட்.

"பத்தை எண்பதுன்னா? நடுவுல எழுபது மிஸ்ஸிஸிப்பி ஓடுது, மிஸ்டர் லைல்." குவின்யோனெஸ் சுருட்டுப் பெட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "படம் அருமையா வந்திருக்கு. நூத்தியிருபத்தெட்டும் எண்பது செகண்டும் நிஜம்தான். ஆனா இந்தப் பெட்டியில. இது நீங்களே செஞ்சது, இன்னைக்கு நம்பர். லென்ஸ் இல்லாததால எல்லாம் ஒரே மங்கல். இன்னொரு மேகமான நாள்ல அருவிக்குப் போய் எடுத்து வெச்சிருக்கீங்க. இன்னைக்கு இருட்டறையில அதை நனைச்சுக் கொடியில மாட்டிட்டு, பழைய குறிப்பை அப்படியே அட்டையில காப்பி அடிச்சீங்க. கேமராவைப் பாத்தீங்க, அதே நம்பர் அதுலயும் இருந்துச்சு. சந்தோஷப்பட்டிருப்பீங்க."

பிரெஸ்காட் ஸ்கார்ஃபைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் தெரியாதவன் நம்பரே எழுதியிருக்க மாட்டான். முழுசாத் தெரிஞ்சவரு நாற்பத்தஞ்சுன்னு கணக்குப் போட்டிருப்பாரு. நடுவுல நிக்கறவர்தான் இப்படி எழுத முடியும். மிஸ்டர் குபியாக் அவர் பாட்டுக்கு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருந்தாரு. முழுசாக் கேக்காம விட்டது நீங்கதான்."

"சரி, அருவிக்குப் போகல. அதனால திருடன் ஆயிடுவேனா?"

"அருவிக்குப் போகாத கேமராவை எதுக்கு ஒரு மணி நேரம் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்க? அதுவும் போகட்டும். சுவத்துல என்ன எழுதியிருக்கு? ஆளுக்கு ஒரு தாள். உங்க தாள்தான் கொடியில தொங்குதே." அவர் மடிப்புக் கேமராவைக் கையில் எடுத்தார். "அப்போ இதுக்குள்ள ஏத்தியிருக்கறது என்ன?"

கொக்கியில் விரல் வைத்தார்.

பழக்கம் பொல்லாதது. "திறக்காதீங்க!" என்று வால்ட்டும் ஜெரல்டினும் மறுபடி கத்தினார்கள். இந்த முறை பிரெஸ்காட் கத்தவில்லை.

பின்கதவு திறந்தது. உள்ளே, மடிப்புத் தோலின் இருட்டில், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் பித்தளைச் சட்டம், கண்ணாடி, தகடு. எதுவும் கழற்றப்படவில்லை.

மிஸ்ஸஸ் டில்மன் எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

3:55.

"நான் திருடல," என்றார் பிரெஸ்காட், கான்ஸ்டபிளிடம். இதைக் கேட்கும் பொறுமை அவர் முகத்தில் மட்டும்தான் இருந்தது. "தள்ளிப் போட்டேன். அந்த மியூசியம் அம்மா முத்திரையைப் பாத்துட்டு 1853ன்னு சொல்லிட்டா? நாலு பக்கம் எழுதியிருக்கேன்யா. முதல் முகம்னு தலைப்பு. அவங்க வந்து இல்லன்னு திரும்பிப் போனதும் வெச்சிருப்பேன், எங்கேயாவது."

"யாரு மேல பழி விழும்னு யோசிச்சீங்களா?" என்றார் ஜெரல்டின்.

பிரெஸ்காட் யோசித்திருந்தார். கான்ஸ்டபிளுடன் படியிறங்கும்போது சுருட்டுப் பெட்டியைச் சாட்சியமாகக் கொண்டுபோவதைப் பார்த்து, "சாய்க்காம பிடிங்க," என்று மட்டும் சொன்னார்.

4:10.

மிஸ்ஸஸ் டில்மன் ஜன்னலோரம் உட்கார்ந்து தகட்டைக் கையில் வைத்திருந்தார். நேராகப் பிடித்தபோது அவருடைய முகமே அதில் தெரிந்தது. லேசாகச் சாய்த்தார். அவர் முகம் வழுக்கி விலக, அந்த இடத்தில் கெசையா வந்து நின்றாள். சிரிக்காமல், யாரோ பின்னால் தலையைப் பிடித்திருக்கிற நிமிர்வுடன்.

"இதோ இருக்கு," என்றார். "ஒரு கீறல் இல்ல. மச்சம் பாருங்க, இடது கன்னத்துல. அஞ்சு மணிக்கு லொரெட்டா வரட்டும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்கச் சொல்றேன்."

வால்ட் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"மிஸ்ஸஸ் டில்மன், அதுல பாருங்க, இந்தத் தகட்டுப் படத்துல இடமும் வலமும்..."

அன்று முழுவதும் அவர் பேச்சில் ஒரு முறைகூடக் குறுக்கிடாத டிடெக்டிவ் குவின்யோனெஸ் நோட்டை மூடினார்.

"வால்ட்," என்றார். "வாங்க, காப்பி சாப்பிடலாம்."